தாதியரும் பட்டக் கல்வியும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

தாதியர் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் அதனை மருத்துவ அறிவின் வளர்ச்சியாகவே பெரும்பாலும் காண்பர். உழைப்பின் வரலாறாக நோக்கும்போதே, பட்டம் இத்தொழிலை ஏன் இவ்வளவு பிந்தி வந்தடைந்தது என்பது புலப்படும். இலங்கையில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்வி 1942இல் பல்கலைக்கழகத்துள் புகுந்தது. தாதியருக்கான முதற் பட்டநெறியோ 1994இல்தான், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன், திறந்த பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாயிற்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தாதியம் வைத்தியசாலைகளைச் சார்ந்த பயிற்சிப் பாடசாலைகளிலேயே கற்பிக்கப்பட்டது. பயில்வோரே வாட்டின் வேலையாட்களுமாயினர். கல்வியின் பெயரால் மலிவான உழைப்புப் பெறப்பட்டது என்பது மிகையன்று.

1994இன் பட்டநெறி ஏற்கெனவே பதிவுபெற்ற தாதியருக்குரியது. கட்டணம் செலுத்திப் பயில வேண்டியது. 1945 முதல் இலவசக் கல்வியைப் பெருமையாகப் பேசிவரும் நாட்டில், இரவு முறைவேலை முடித்து, எஞ்சிய ஓய்வையும் சம்பளத்தின் ஒரு பகுதியையும் கொடுத்தே முதற் பட்டதாரித் தாதியர் உருவாயினர். உயர்தரத்தில் உயிரியல் பயின்றோர்க்குப் பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றி இக்கல்வியை வழங்கத் தொடங்கியது 2000களின் நடுப்பகுதியிலேயாகும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் பெண்கள் தாதியத்துக்கு அருகியே வந்தனர். இதற்கு மதத்தைக் காரணங் காட்டுவது வழக்கம். இவ்விளக்கம் எமக்கு ஏற்புடையதன்று. நபிகள் காலத்திலேயே காயமுற்றோருக்குக் கூடாரம் அமைத்துப் பணிபுரிந்த ருபைதாவை இஸ்லாமிய மரபு போற்றுகின்றது. இதே ஊர்கள் ஆசிரியைகளை ஏராளமாக உருவாக்கியுள்ளன. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி அதற்குச் சான்று. உடலைத் தொடுவது இழிவெனின், வைத்தியரும் அதே உடலைத்தான் தொடுகிறார். அவருக்கு ஊர் எழுந்து நிற்கின்றதே!

காரணத்தைச் சொத்துறவிலும் வேலை ஒழுங்கிலும் தேடுதல் வேண்டும். இக்கரையின் தாய்வழிக் குடிமுறையில் வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மணமகனே பெண்வீடு வருகிறான். பெண் தாயின் அயலிலேயே வாழ்கிறாள். பிற்பகலில் முடியும் உள்ளூர்ப் பாடசாலை இவ்வாழ்வோடு இசைந்தது. விடுதிவாழ்வையும் இரவு வேலையையும் நாடளாவிய இடமாற்றத்தையும் நிபந்தனையாக்கிய தாதிச் சேவை இசையவில்லை. வீட்டைக் கட்டிக் கொடுத்த குடும்பம், அதில் வாழ வேண்டியவளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கியது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. நாட்டிலேயே அதிக உயிரிழப்பு இங்குதான். பேரிழப்பின் நடுவே, நோயாளியின் தாய்மொழியில் வலியைக் கேட்டறியும் தாதி ஒருவர் அருகிலிருப்பது சலுகையன்று, சிகிச்சையின் பகுதியாகும். வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என ஒரே நகரில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே வைத்தியசாலைகள் அமைந்துவிட்ட கல்முனையில், இருசாராரின் வலியும் பேசுவது ஒரே தமிழைத்தான்.

போரினால் கல்வி குலைந்த மாணவருக்கென 1995இல் ஒலுவிலில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கலை, முகாமைத்துவம் எனத் தொடங்கிப் பொறியியல், தொழினுட்பம் வரை பீடங்களை அமைத்தது. அவ்விரிவில் தாதியத்துக்குப் பீடம் எழவில்லை. கல்முனை மாணவி கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியம் பயில ஏறத்தாழ 40 கிலோமீற்றர் கடந்து மட்டக்களப்பை அடைய வேண்டும். ஒலுவிலோ அதிற் பாதித் தூரமுமில்லை; காலையில் பஸ்ஸேறினால் மாலையில் தாய்வீடு திரும்பிவிடலாம்.