ஆதுலர் சாலையும் வல்லாரையும்: ஐம்பதை ஒட்டிய மறதி பற்றிக் கொஞ்சம் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். இப்போது நாற்பத்தேழு வயது, மகள் கல்லூரியில் படிக்கிறாள். "டீச்சர், எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுமோன்னு பயமா இருக்கு" என்று அழுதாள். கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறாளாம். மளிகைக் கடையில் போய் நின்றால் எதற்கு வந்தோம் என்று தெரியவில்லையாம். பேசும்போது பாதியில் வார்த்தை நின்றுவிடுகிறதாம். ஒரு வருடமாகத் தூரம் ஒழுங்காக வருவதில்லை, ராத்திரியில் உடம்பு தீயாக எரிகிறது என்றாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாரோ சொன்னார்கள் என்று "மூளைக்கு பலம் தரும் மூலிகைப் பொடி" வாங்கி ஆறு மாதமாகச் சாப்பிடுகிறாள். மாதம் ஆயிரத்து எட்டு நூறு ரூபாய்.

"சாப்பிடலாமா டீச்சர்? நீங்கதான் வரலாறு பழைய ஏடெல்லாம் படிக்கிறவங்களாச்சே!"

நான் மருத்துவர் இல்லை, சரித்திர வாத்தியார். அதனால் அவளுக்குச் சரித்திரமாகவே பதில் சொன்னேன். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அந்த வயதில் இருக்கிறீர்கள். மீதிப் பேரின் மனைவியோ அக்காவோ அந்த வயதில் இருப்பார்கள்.

முதலில் என் கதை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்பில் பாபர் பாடம். "1526ல் முதலாம்..." என்று ஆரம்பித்தேன், பானிப்பட் என்ற சொல் வரவில்லை. இருபத்தைந்து வருடம் நடத்திய பாடம். கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். முன் பெஞ்சில் ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் பாட்டி கடைசி காலத்தில் பெற்ற பிள்ளைகளையே மறந்தவர். எனக்கும் அதுதான் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு மருத்துவரிடம் போனேன். "வயசானா அப்படித்தாம்மா" என்று ஒரு வரியில் அனுப்பிவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுநாளே ஏரிக்கால்வாய் ஓரத்திலிருந்து வல்லாரை பறித்துவந்து துவையல் அரைத்தார். எங்கள் வீட்டில் பரீட்சை வந்தால் வல்லாரைத் துவையல், வல்லாரைக் கூட்டு. பிள்ளைகளுக்கு மட்டும்தான். அம்மா தனக்கென்று அதைச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த வயதில் அவருக்கும் மறதி வந்திருக்குமே, என்ன செய்தார் என்று அன்றுதான் யோசித்தேன். கேட்டால், "அதையெல்லாம் யார்கிட்ட சொல்றது?" என்றார்.

இப்போது சரித்திரத்துக்கு வருகிறேன். தூரத்தில் தேட வேண்டாம். நம் பெருநகர் பக்கம் ஓடும் செய்யாறு போய்ச் சேரும் இடம் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோவிலில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை உங்களுக்கு வருடா வருடம் நடத்தினேன். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு.

அந்தக் கோவிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர்கள் தங்கும் விடுதியும், "வீரசோழன்" என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலையும் இருந்தன. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. பதினைந்து படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளியைக் கவனித்து மருந்து காய்ச்சிக் கொடுக்கப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஆளுக்கு ஆள் நெல்லும் காசும் இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கும் கோவில் பணியாளர்களுக்கும் அங்கே வைத்தியம்.

அதைவிட முக்கியமானது, ஒரு வருடத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பட்டியல். பட்டியலின் தொடக்கத்திலேயே "பிராம்மியம் கடும்பூரி" என்று ஒரு பெயர். முதன்முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பிராமி! ஞாபக சக்திக்கு என்று இன்று கடைகளில் விற்கும் பிராமி, ஆயிரம் வருடத்துக்கு முன்பு நம் ஆற்றங்கரை மருத்துவமனையில்!

ஆனால் பெயரைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். சரக சம்ஹிதையில் பிராம்ம ரசாயனம் என்று ஒரு மருந்து உண்டு. அதில் பெரும்பங்கு கடுக்காயும் நெல்லிக்காயும். அந்த வகையைத்தான் கல்வெட்டு குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டால், பெயரில் பிராமி இருந்தாலும் மருந்தின் உடம்பு கடுக்காயும் நெல்லியும்தான். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று கல்வெட்டும் சொல்லவில்லை. எனவே "சோழர் காலத்திலேயே பெண்களின் மறதிக்கு பிராமி கொடுத்தார்கள்" என்று யாராவது வாட்ஸப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். கல்வெட்டில் அது இல்லை.

பெயர்க் குழப்பம் இதோடு நிற்கவில்லை. வடநாட்டில் பல இடங்களில் பிராமி என்று சொல்லி வல்லாரையைக் கொடுப்பார்கள். கேரளத்தில் பிராமி என்றால் நீர்ப்பிரமி. வல்லாரை இலை தவளைக் கால் மாதிரி வட்டமாக இருக்கும். நீர்ப்பிரமியின் இலை சின்னதாக, தடிப்பாக, பருப்புக்கீரை இலை போல இருக்கும். இரண்டும் ஈரத்தில் படரும், ஆனால் குடும்பமே வேறு. சரகர் புத்திக்கான ரசாயனம் என்று நான்கைச் சொல்கிறார்: மண்டூகபர்ணி, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி. மண்டூகபர்ணிதான் நம் வல்லாரை. சங்கபுஷ்பி எது என்பதில் மறுபடி தகராறு. தெற்கே பலர் நம் வேலியில் படரும் நீலச் சங்குப்பூவைக் கொள்வார்கள், வடக்கே வேறு செடி. பொடியாக அரைத்து டப்பாவில் அடைத்துவிட்டால் உள்ளே இருப்பது எது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியவா போகிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். சுசுருத சம்ஹிதை பெண்ணுக்கு மாதவிடாய் 12 வயதில் தொடங்கி 50 வயதில் நிற்கும் என்கிறது. ஒரு பருவமாகத்தான் அதைச் சொல்கிறது, நோயாக அல்ல. புத்திக்கான ரசாயனங்களும் எல்லோருக்கும் பொதுவானவை. "மாதவிடாய் நிற்கும் காலத்தில் மூளைக்கான மூலிகை" என்று தனியாக ஒன்றைப் பிரித்தது பிற்காலத்து வேலை.

அந்த வேலை எங்கே நடந்தது? மெனோபாஸ் என்ற சொல்லே 1821ல் கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவரால் புழக்கத்துக்கு வந்தது. 1875ல் அமெரிக்காவில் லிடியா பிங்க்ஹாம் என்ற அம்மையார் பெண்களின் உபாதைகளுக்கு என்று ஒரு மூலிகைக் கஷாயத்தை பாட்டிலில் விற்க ஆரம்பித்தார். அதில் பிளாக் கோஹோஷ் என்ற அமெரிக்க வேரும், நம் வீட்டு வெந்தயமும் இருந்தன. கூடவே சுமார் 18 சதவீதம் சாராயமும்! குடித்தவர்களுக்குக் கவலை குறைந்ததில் ஆச்சரியம் என்ன?

பிறகு ஹார்மோன் மாத்திரைக் காலம். கர்ப்பிணிக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த பிரிமாரின் 1942ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாத்திரை சாப்பிட்டால் பெண் என்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்று புத்தகமே எழுதினார். 2002 ஜூலையில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்த பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டு ஆகிய அபாயங்கள் நன்மையைவிட அதிகம் என்று தெரிந்தது. அடுத்த வருடம் இன்னொன்றும் வெளிவந்தது. 65 வயது தாண்டியவர்களிடம் அந்த மாத்திரை மறதி நோயைக் குறைக்கவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியது. இன்றைக்கும், அறுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உடம்பெரிச்சல் தாங்க முடியாவிட்டால் மருத்துவர்கள் பரிசோதித்து ஹார்மோன் கொடுக்கிறார்கள். அது தவறில்லை. மூளையைக் காப்பதற்கென்று கொடுப்பதில்லை.

அந்தப் பயத்துக்குப் பிறகுதான் பெண்கள் மூலிகைப் பக்கம் மொத்தமாகத் திரும்பினார்கள், கம்பெனிகளும் திரும்பின. சரி, மூலிகையைச் சோதித்தார்களா? சோதித்தார்கள். ஜின்கோ என்ற மர இலைச் சாற்றை 75 வயது தாண்டிய மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2008ல் முடிவு சொன்னார்கள்: மறதி நோயை அது தடுக்கவில்லை. நீர்ப்பிரமியை நம் லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பல காலம் ஆராய்ந்தது. பன்னிரண்டு வாரம் போலக் கொடுத்த சிறிய ஆய்வுகளில் கவனமும் நினைவும் கொஞ்சம் கூடியதாகத் தெரிகிறது. சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். வல்லாரைக்கு அந்த அளவுக்குக்கூட உறுதியான சான்று மனிதர்களிடம் கிடைக்கவில்லை. அமுக்கரா தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சிலருக்கு உதவுகிறது. ஆனால் தைராய்டு அளவை மாற்றிவிடும், அபூர்வமாகக் கல்லீரலையும் பாதிக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தன் இஷ்டத்துக்கு எடுக்கக்கூடாது.

இதைச் சொல்வதால் நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று சண்டைக்கு வராதீர்கள். நம் வைத்தியத்துக்கு மரியாதை வாங்கித் தரவே ஒரு போராட்டம் நடந்தது. 1920களில் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்து, நாட்டு வைத்தியர்களிடம் சாட்சியம் வாங்கியது. 1925ல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்று தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். எனக்குச் சண்டை அவர்களோடு இல்லை. யார் அரைத்தது என்றே தெரியாத டப்பாவோடுதான்.

என் மனதுக்கு மிகவும் ஆறுதல் தந்தது 2009ல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவில் 2,362 பெண்களை நான்கு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மாதவிடாய் நிற்கப்போகும் அந்த இடைக்காலத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வேகம் கொஞ்சம் மந்தப்படுகிறது. முழுக்க நின்ற பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மூளையில் நினைவுக்கான பகுதியிலும் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது. அது ஏறி இறங்கும் காலத்தில் மூளை தடுமாறுகிறது. இரவில் வியர்த்து விழித்தால் தூக்கம் கெட்டு, மறதி இன்னும் கூடுகிறது. என் பாட்டிக்கு வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு. இதை யாராவது அன்று சொல்லியிருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்க மாட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் என் ரத்தத்தைச் சோதித்தார். ஹீமோகுளோபின் எட்டு. நிற்கும் முன் ஒரு வருடம் பெரும்போக்காக இருந்ததில் இரத்தம் வற்றிப் போயிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை நாலு மாதம். தலை தெளிந்தது. அம்மாவோ இன்றுவரை வல்லாரைத் துவையல்தான் காரணம் என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. இதில் ஒரு வேடிக்கை. திருமுக்கூடல் பட்டியலில் "மண்டூகர வடிகம்" என்று ஒன்று இருக்கிறது. அதை மண்டூர வடகம் என்று கொண்டால், அது இரும்புக் கிட்டத்தில் செய்து சோகைக்குக் கொடுத்த மருந்து. நான் பிராமி பிராமி என்று முதல் பெயரிலேயே நின்றேன். எனக்குத் தேவைப்பட்டது அதே பட்டியலில் கீழே இருந்திருக்கிறது.

போன் செய்த பெண்ணிடம் சொன்னது இதுதான். "கண்ணு, அந்தப் பொடியை நிறுத்திட்டு, டப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன சாப்பிட்டேன்னு மறைக்காம காட்டு. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கச் சொல்லு. ராத்திரி தூக்கம் எப்படின்னு அவங்க கேக்கலன்னாலும் நீயே சொல்லு. வல்லாரையை வாரத்துக்கு ரெண்டு நாள் கீரையா சமைச்சுச் சாப்பிடு, ருசியா இருக்கும். தினமும் நட."

நேற்று மெசேஜ் வந்தது. தைராய்டு குறைவாம், பி12ம் குறைவாம். மாத்திரை தொடங்கியிருக்கிறாள். கணவரிடமும் சொல்லிவிட்டாளாம். அவர் இப்போது கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாராம். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆண் பிள்ளைகளே, இது பெண்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் அவள் ஒரு வார்த்தைக்குத் தடுமாறினால் சிரிக்காதீர்கள், எடுத்துக் கொடுங்கள். அன்று முன் பெஞ்சில் எடுத்துக் கொடுத்த பெண்ணும் இதைப் படிக்கிறாள் என்று தெரியும். பானிப்பட், நன்றி ம்மா.

ஊருக்கு வரும்போது திருமுக்கூடலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். உங்கள் வீட்டில் அம்மா, பாட்டி இந்த வயதை எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒன்பதரை மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்,
பெருநகர்