எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்



"சார், அப்பா பீரோவில் பழைய இங்கிலீஷ் புத்தகங்கள் நிறைய இருக்கு. வீட்டைக் காலி பண்றோம். ஏதாவது தேறுமா, எடைக்குப் போட்டுடலாமா?" இந்த ஆண்டு மட்டும் உங்களில் நான்கு பேர் இப்படிக் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து, பேப்பர்பேக் பிறந்த கதையோடு பதில் சொல்கிறேன்.

1935 ஜூலை 30 அன்று லண்டனில் ஆலன் லேன் என்ற பதிப்பாளர் பெங்குவின் வரிசையில் முதல் பத்துப் புத்தகங்களை வெளியிட்டார். விலை 6 பென்ஸ். அன்று பத்து சிகரெட் வாங்கும் காசு. கடைக்காரர்கள் தயங்கினார்கள். உல்வொர்த் கடைகள் மொத்தமாக வாங்கியதால் தப்பித்தார். நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று அட்டை நிறமே ஆளைக் காட்டிவிடும். அட்டைக்கு மேல் ஒரு காகித உறையும் இருந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் உறையோடு கிடைக்கும் பிரதிக்கு இன்று தனி மதிப்பு.

பிறகு உலகப் போர். பிரிட்டனில் காகிதத்துக்கு ரேஷன். மட்டமான தாள், நூல் தையலுக்குப் பதில் கம்பி ஊசி. அந்தக் கம்பி துருப்பிடித்துத் தாளை அரிக்கும். போருக்குப் பின் பல பதிப்பகங்கள் முதுகைச் சீவிப் பசை போட்டு ஒட்டின. பசை காய்ந்தால் பக்கம் கழன்று வரும்.

ஆகவே முதலில் முதுகைப் பாருங்கள். பிறகு பக்கங்களை எண்ணுங்கள். ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா, ஈரக்கறை உண்டா, செலோடேப் ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். தாள் பழுப்பது மரக்கூழின் குணம், அது மட்டுமே பெரிய குறையில்லை. வெளிநாட்டு வியாபாரிகள் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்று தரம் பிரிப்பார்கள். இதில் 'குட்' என்றால் நல்ல நிலை என்று எண்ணிவிடாதீர்கள். நன்றாக அடிபட்டது, ஆனால் பக்கங்கள் முழுசாக இருக்கின்றன என்றே பொருள்.

அடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறம். எந்த ஆண்டு, எத்தனையாவது அச்சு என்று அங்கே இருக்கும். பழசு என்பதாலோ, பெயர் பெற்றது என்பதாலோ மட்டும் விலை வராது. டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலுக்காக 1960இல் பெங்குவின் மீது நடந்த ஆபாச வழக்கு உலகப் பிரசித்தம். ஆனால் முதல் அச்சே 2 லட்சம் பிரதிகள்! எங்கும் கிடைக்கும் புத்தகத்துக்கு யார் அதிகம் கொடுப்பார்கள்?

தமிழ்ப் புத்தகமானால் இன்னும் நிதானம் வேண்டும். நம்மிடம் குறைவாக அச்சாகி, அதிலும் குறைவாக மிஞ்சியவை ஏராளம். விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர் ரோஜா முத்தையா பிறர் பொருட்படுத்தாத நூல்கள், இதழ்கள், நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

வியாபாரிக்கு உள்ளே எழுதிய பெயர் ஒரு குறை. உங்களுக்கு அது அப்பாவின் கையெழுத்து. அந்தப் புத்தகங்களைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றின் அட்டையையும் அச்சு விவரப் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பழைய பேப்பர்காரரைக் கூப்பிட வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.