ஒரு பெட்டியில் மட்டும் ஓடும் விளையாட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன விடுமுறைக்குப் பேரன்கள் இருவரும் வந்திருந்தார்கள். மகள் வீட்டுப் பையனிடம் பிளேஸ்டேஷன், மகன் வீட்டுப் பையனிடம் எக்ஸ்பாக்ஸ். பெரியவன் ஸ்பைடர்மேன் கேமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அந்த கேம் சின்னவனுடைய பெட்டிக்கு வரவே இல்லையாம். அவன் என்னிடம் வந்து, "தாத்தா, நாங்க காசு குடுத்துத்தானே வாங்கப் போறோம்? எங்களுக்கு மட்டும் ஏன் விக்க மாட்டேங்கிறாங்க? இது நியாயமா?" என்று கேட்டான்.

"அவங்க சரக்கு, அவங்க இஷ்டம்டா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் சொல்லும் பதிலா இது என்று இரவு படுத்த பிறகு உறுத்தியது. ஊருக்குப் போகும்போதும் அவன் முகம் தெளியவில்லை. அதன் பிறகு சில வாரங்கள் இதைப் பற்றியே படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

1977-ல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்டியும் அவர்களுடையது, அதில் போடும் கேம்களும் அவர்களுடையவை. கேமை உருவாக்கியவர்களின் பெயரை அட்டையில் போடுவதில்லை. லாபத்திலும் பங்கு இல்லை, சம்பளம்தான். மனம் வெறுத்த நான்கு பேர் வெளியேறி, 1979-ல் ஆக்டிவிஷன் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். அட்டாரி பெட்டியில் ஓடும் கேம்களை அட்டாரி அல்லாத ஒரு நிறுவனம் விற்க ஆரம்பித்தது. அட்டாரி வழக்குப் போட்டது. 1982-ல் ராயல்டி தருகிற ஏற்பாட்டோடு சமரசமாயிற்று. பெட்டி ஒருவருடையது, விளையாட்டு இன்னொருவருடையது என்ற வழக்கம் அப்படித்தான் நிலைபெற்றது.

கதவு திறந்ததும் நல்லவரோடு அரைகுறைகளும் உள்ளே வந்தார்கள். அவசரத்தில் செய்த மட்டமான கேம்கள் கடைகளில் குவிந்தன. அட்டாரியே அதற்கு விலக்கில்லை. ஈ.டி. படத்தை வைத்து ஐந்தே வாரத்தில் ஒரு கேமைச் செய்து இறக்கினார்கள். 1983-ல் சந்தை சரிந்தது. அமெரிக்காவில் சுமார் 320 கோடி டாலராக இருந்த வியாபாரம், 1985-ல் சுமார் 10 கோடியாகச் சுருங்கியது என்று கணக்குச் சொல்கிறார்கள். விற்காத சரக்கை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 2014-ல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள். நமக்குக் கீழடி, அவர்களுக்கு அலமகோர்டோ!

இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தது ஜப்பானின் நின்டெண்டோ. 1985-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைத்தார்கள். அதற்கு ஜோடியான சில்லு இருக்கும் கேசட்டுதான் அதில் ஓடும். மற்ற நிறுவனங்கள் கேம் வெளியிட லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்து கேம்களுக்கு மேல் கூடாது. கேசட்டை நின்டெண்டோவிடமே செய்து வாங்க வேண்டும். அந்த கேமை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்தப் பெட்டிக்கும் தரக்கூடாது. தரம் காக்கத்தான் இதெல்லாம் என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. மாரியோ போன்ற அருமையான விளையாட்டுகளால் மக்கள் மறுபடியும் கடைக்கு வந்தார்கள். ஆனால் தரத்துக்கும் இரண்டு ஆண்டுத் தடைக்கும் என்ன சம்பந்தம்? அது போட்டியாளரைப் பட்டினி போடும் வழி.

அட்டாரி அதற்குள் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதில் ஒரு பாதியான அட்டாரி கேம்ஸ் இப்போது நின்டெண்டோவின் வாசலில் நின்றது. வழக்குக்காகத் தேவை என்று பொய் சொல்லி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே பூட்டின் நிரலை வாங்கி, சாவி செய்துவிட்டார்கள்! நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. ஒருகாலத்தில் ஆக்டிவிஷனை உள்ளே விடாதே என்று வழக்குப் போட்ட பெயருக்கு இந்த நிலை.

எட்டாம் வகுப்பில் நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600-ல் கிடைத்த தனி வணிக உரிமையை 1813-ல் எடுத்தார்கள், தேயிலையும் சீன வணிகமும் தவிர. 1833-ல் அதுவும் போயிற்று. எடுக்கச் சொல்லி முழங்கியவர்கள் வெளியே நின்ற ஆங்கில வியாபாரிகள். உள்ளே இருப்பவருக்குப் பூட்டு பிடிக்கும், வெளியே இருப்பவருக்குத் திறப்பு பிடிக்கும்.

இன்றைக்கும் அதே கதைதான். 2022-ல் அதே ஆக்டிவிஷனை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கன்சோல் விற்பனையில் மைக்ரோசாஃப்டைவிட முன்னால் இருந்த சோனி, "கால் ஆஃப் டியூட்டியை எங்களுக்குத் தராமல் நிறுத்திவிடுவார்கள்" என்று முறையிட்டது. சோனியின் கையிலும் தனி கேம்கள் நிறைய உண்டு. கடைசியில் பத்து ஆண்டுகள் தருவதாக ஒப்பந்தம் போட்டு, 2023 அக்டோபரில் விற்பனை முடிந்தது. விற்பனையில் பின்தங்கிய மைக்ரோசாஃப்ட் 2024 முதல் தன் தனி கேம்கள் சிலவற்றைத் தானே மற்ற பெட்டிகளுக்குத் தர ஆரம்பித்துவிட்டது.

சரி, பேரனுக்கு என்ன பதில்?

பெட்டி செய்தவர், தன் பணத்தில், தன் ஆட்களை வைத்து உருவாக்கிய விளையாட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். பெட்டியைப் பல சமயம் குறைந்த லாபத்திலோ நஷ்டத்திலோ விற்றுவிட்டு, கேமில்தான் சம்பாதிக்கிறார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பெரிய முதலீடு போடமாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் கிடைத்துவந்ததை, அல்லது கிடைக்கவிருந்ததை, காசு கொடுத்து வாங்கிக் கதவடைப்பது வேறு விஷயம். ஹேலோ என்ற கேமை 1999-ல் ஆப்பிள் மேடையில்தான் காட்டினார்கள். 2000-ல் அதை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2001-ல் அது எக்ஸ்பாக்ஸோடு வெளிவந்தது. ஆப்பிள் கணினி வைத்திருந்தவர்கள் காத்திருந்து ஏமாந்தார்கள். இதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன்.

அப்படிப் பார்த்தால் ஸ்பைடர்மேன் முதல் வகை. சோனி பணம் போட்டு, சோனிக்காகவே செய்தது. ஆகவே நான் சொன்ன பதில் பாதி சரி. ஆனால் குழந்தையின் கேள்வியை மதிக்காமல் சொன்னேன் பாருங்கள், அது தவறு. போனில் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ என் கேள்வி தப்பில்லையா தாத்தா?" என்றான். தப்பே இல்லை என்றேன்.

கடைசியாக ஒரு விஷயம். 90-களில் நம் ஊரில் நீங்கள் விளையாடிய மாரியோ, கான்ட்ரா ஞாபகம் இருக்கும். யார் வீட்டுக் கேசட்டையும் யார் வீட்டுப் பெட்டியிலும் போடலாம். காரணம் இப்போதுதான் தெரிந்தது. அந்த மலிவுப் பெட்டிகள் நின்டெண்டோவின் ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஜப்பானியப் பெட்டியில் பூட்டுச் சில்லு கிடையாது. நீங்கள் கேசட்டை மாற்றி மாற்றி மகிழ்ந்தீர்கள். அதை உருவாக்கியவர்களுக்கோ அந்த நகல்களால் ஒரு பைசா போயிருக்காது. அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அப்படி ஒரு மஞ்சள் கேசட் என் பீரோவில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மேஜைக்கடியில் கைமாறியபோது பிடுங்கி வைத்தேன். ஆண்டு இறுதியில் தருகிறேன் என்றேன். அந்தப் பையன் அரையாண்டு விடுமுறையிலேயே அப்பாவுக்கு மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டான். அது அவனுடையதுகூட இல்லை, நண்பனிடம் இரவல் வாங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு பேரில் யார் இதைப் படித்தாலும் இன்பாக்ஸில் ஒரு வரி எழுதுங்கள். தபாலில் அனுப்பிவைக்கிறேன். தாமதத்துக்கு இந்த வாத்தியாரை மன்னிக்க வேண்டும்.