கஸாக் மரபும் வகுப்பறையும்: ஒரு வரலாற்று நோக்கு

கஸாக் மக்களின் மரபுவழிப் பண்பாட்டை எண்ணிமக் கருவிகளின் துணையோடும் மாணவர் செயற்றிட்டங்களின் வாயிலாகவும் கற்பிக்கும் முயற்சியை வெறும் கற்பித்தல்முறைப் பிரச்சினையாகக் கொள்ளுதல் பொருந்தாது. பாட்டனிடமிருந்து பேரனுக்கு இயல்பாகவே வந்துசேர்ந்த ஒன்று பாடவிதானத்துக்குள் புகவேண்டிய நிலை எவ்வாறு உருவாயிற்று என்ற வினாவையே நாம் முதற்கண் எழுப்புதல் வேண்டும்.

மேய்ச்சல்நில நாடோடி வாழ்விற் கூடாரமே பாடசாலையாக இருந்தது. 'கீஸ் உய்' எனப்படும் அக்கூடாரத்தின் மரச்சட்டகத்தைப் பொருத்தும் முறையை, இடம்பெயருந்தோறும் பிள்ளைகள் செய்தே அறிந்தனர். இரு நரம்புகளையுடைய டொம்ப்ராவில் இசைக்கப்படும் 'குய்' என்னும் இசைவடிவமும் செவிவழியே வந்தது. குய்கள் பலவற்றுக்குக் கதைகள் உண்டு. கதையைக் கூறி இசைப்பதே மரபு. 1925 இல் ஸதாயெவிச் ஆயிரம் கஸாக் பாடல்களைச் சுரக்குறியீட்டில் வெளியிட்டார். பெரும்பணி அது. ஆனால், தாளிலேறிய மெட்டு அதனை இசைத்தவனைப் பிரிந்தும் வாழத் தொடங்கிவிடுகிறது. எண்ணிமப் பதிவு இம்மாற்றத்தின் தொடர்ச்சியேயன்றித் தொடக்கமன்று.

உண்மையான முறிவு வேறிடத்தில் நிகழ்ந்தது. 1930–33 காலப்பகுதியிற் கட்டாயக் குடியமர்த்தலும், கால்நடையும் தானியமும் பறிமுதலானமையும் விளைவித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் கஸாக்குகள். மந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மந்தை அழிந்தபின் இடப்பெயர்வு ஏது? எழுத்தறிவைப் பரப்பிய அரசே இதனையும் செய்தது. முற்போக்கு நோக்குடையோர் ஒன்றைக் கூறி மற்றதை மறைத்தல் தகாது.

எழுத்தின் கதையும் இதனோடு பிணைந்ததே. அறபு எழுத்து 1929 இல் இலத்தீனுக்கும், 1940 இற் சிரில்லிக்குக்கும் இடங்கொடுத்தது. அறபு எழுத்தைக் கஸாக் ஒலியமைதிக்கேற்பச் சீர்திருத்திய பைதுர்சினோவ் 1937 இற் கொல்லப்பட்டார். 1988 இலேயே அவர் மீதான பழி நீக்கப்பட்டது. 2017 இல் மீண்டும் இலத்தீனுக்கு மாறும் ஆணை பிறந்தது. முப்பாட்டன் எழுதிய கடிதத்தைக் கொள்ளுப்பேரன் வாசிக்க இயலாமைக்கு அவனது சோம்பல் காரணமன்று.

கூடாரஞ் செய்யும் அறிவும் டொம்ப்ராக் குய்யும் 2014 இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. எனினும், கணினித்திரையிற் சுழலும் அழகிய கூடாரம், அதிற் குடியிருந்தோர் எங்குச் சென்றனர் என்று கேளாதிருக்குமாயின், அது காட்சிப்பொருளே.

மாணவர் செயற்றிட்டத்தின் வலிமை பிறிதோரிடத்தில் உண்டெனக் கருதுகிறோம். தந்தைவழி ஏழு தலைமுறையினரின் பெயர்களை அறிந்திருத்தல் கஸாக் மரபு; 'ஜெதி அத்தா' என்பது அதன் பெயர். ஏழு தலைமுறைக்குள் மணவுறவு விலக்கப்பட்டமையால் அது நடைமுறைத் தேவையாகவும் இருந்தது. முதியோரின் குரலைப் பதிவுசெய்து குலமரத்தை வரையப் புகும் மாணவன், பஞ்ச ஆண்டுகளை எட்டும்போது சில கிளைகள் அங்கேயே நின்றுவிடுவதைக் காணக்கூடும். எப்பாடநூலும் இவ்வளவு அணுக்கமாக அவ்வரலாற்றைக் கற்பிக்காது. ஆசிரியர் அவ்விடத்திற் பேசத் துணிவாரா என்பதே வினா.

இன்னொன்று: அம்மரத்திற் பெண்களின் பெயர்கள் இல்லை. கூடாரத்தின் மரவேலை ஆண்களுடையதாயின், கம்பளியும் நெசவும் அலங்காரமும் பெண்களின் உழைப்பு. தாளிற் பழகிய மரபுமரம் ஆண்வழியே ஏறிச்செல்வது; கணினியில் வரையப்படுவதற்கு அக்கட்டுப்பாடு இல்லை. பாட்டியரின் பெயர்களைக் கேட்டு அதிற் சேர்க்குமாறு மாணவரைப் பணித்தல் இன்றே செய்யக்கூடியது.