தொடக்கத்தில் இட்ட அடையாளம்

பாலிமர் வேதியியலின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த கேள்வி இது: ஒரு நீண்ட சங்கிலியைத் தொடங்கிவைத்தது எது என்று எப்படி அறிவது?

தூண்டி எனப்படும் சேர்மம் வெப்பத்தாலோ ஒளியாலோ உடையும்போது ரேடிக்கல்கள் பிறக்கின்றன. இணை சேராத எலெக்ட்ரானைச் சுமக்கும் துண்டுகள் அவை. ஒரு துண்டு ஒரு ஸ்டைரீன் மூலக்கூறைப் பற்றிக்கொண்டதும், அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் வந்து கோத்துக்கொள்கின்றன. தொடங்கிவைத்த துண்டு நுனியிலேயே தங்கிவிடும். அத்தனை நீளத்தில் அதை எங்கே தேடுவது?

1940இல் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கார்பன்-14ஐக் கண்டுபிடித்தார்கள். 1950களில் பர்மிங்ஹாமில் பெவிங்டன், மெல்வில் குழுவினர் அந்தக் கார்பனைத் தூண்டிக்குள்ளேயே வைத்தார்கள். உருவான பாலிமரைத் தூய்மைப்படுத்தி, அதன் கதிரியக்கத்தை அளந்தார்கள். மூலக்கூறின் சராசரி எடையும் தெரிந்தால், ஒரு சங்கிலிக்கு எத்தனை துண்டு என்று கணக்கிட்டுவிடலாம்.

பாலிஸ்டைரீனில் ஏறத்தாழ இரண்டு இருந்தன. அதாவது, வளர்ந்துவந்த இரண்டு சங்கிலிகள் ஒன்றாக இணைந்து முடிந்திருக்கின்றன. மீத்தைல் மெத்தாக்ரிலேட்டில் எண்ணிக்கை ஒன்றை நோக்கிக் குறைந்தது. அங்கே பெரும்பாலான சங்கிலிகள் ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கைமாற்றிக்கொண்டு தனித்தனியே பிரிந்திருக்கின்றன.

தொடக்கத்தில் இட்ட அடையாளம் முடிவையும் சொன்னது. இந்த வரலாற்றில் நான் வியப்பது இதைத்தான்.