குண்டு வார்த்த கை, எழுத்து வார்த்த கை

கொழும்பில் முதன்முதலாக அச்செழுத்து வார்த்தவர் அச்சுத் தொழிலில் வளர்ந்தவர் அல்லர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆயுதக் கிடங்குக்குப் பொறுப்பாயிருந்த காபிரியேல் ஷாடே என்பவரே, 1736 முதல் 1740 வரை ஆளுநராயிருந்த பரன் வான் இம்ஹோப்பின் காலத்தில், சிங்கள எழுத்துகளை ஈயத்தில் வார்த்துக் கொடுத்து, இலங்கையில் அச்சான முதற் சிங்கள நூலாகிய செபப் புத்தகம் 1737 இல் வெளிவர வழி செய்தார். வேதப் புத்தகங்களை அச்சிடும் பணிக்குக் கம்பனி ஓர் ஆயுதக்காரரை நாடியது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றினாலும், அவ்விரு தொழில்களின் உட்கூறுகளை அருகிலிருந்து நோக்குவோருக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றைய கொழும்புக் கோட்டையில் ஈயத்தை உருக்கவும், அதன் சூட்டைக் கண்ணாலேயே மதிப்பிடவும், அச்சில் ஊற்றிப் பிசிறின்றி எடுக்கவும் அறிந்த கைகள் குண்டு வார்ப்போரின் கைகளாகவே இருந்தன.

துப்பாக்கிக் குண்டு வார்க்க அக்காலத்தில் கையாளப்பட்ட கருவி குறடு போன்ற அமைப்புடையது. இரண்டு கைப்பிடிகளும், அவற்றின் முனையில் ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு பாதிகளும், ஒவ்வொரு பாதியிலும் ஓர் அரைக்கோளக் குழியும், மேலே ஈயம் ஊற்றுவதற்கு ஒரு சிறு வாயும் அதில் இருக்கும். ஈயம் இறுகியதும் கருவியைத் திறந்து, வாயில் நின்றுபோன காம்பை வெட்டிவிட்டால் குண்டு ஆயத்தமாகிவிடும். எழுத்து வார்ப்பு இதையே அடிப்படையாகக் கொண்டாலும் அதற்கு முன்னே இரண்டு படிகளை வேண்டி நிற்பது. முதலில் எஃகுத் துண்டொன்றின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவர். பின்னர் அவ்வெஃகைச் செப்புத் துண்டொன்றின் மீது வைத்து அடித்து, எழுத்து நேராகவும் குழிவாகவும் பதியச் செய்வர். தாயச்சு எனத்தக்க அச்செப்புத் துண்டைக் கைவார்ப்பியின் அடியில் பொருத்தி, கரண்டியால் ஈயத்தை ஊற்றியவுடன் வார்ப்பவர் கருவியை மேல்நோக்கி ஓர் உதறு உதறுவார். அந்த உதறலில்தான் ஈயம் எழுத்தின் மெல்லிய கோடுகள் வரை ஓடிப் பாய்கிறது; கை தாமதித்தால் சுழி நிரம்பாத மொட்டை எழுத்தே கிடைக்கும்.

குண்டாயினும் எழுத்தாயினும் முதன்முறை வார்ப்பவர் செய்யும் பிழைகள் ஒன்றே. அச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் குழி முழுவதும் நிறையுமுன் உறைந்து, மேனியில் சுருக்கங்களோடு வெளிவரும். ஆகையால் முதலில் வார்த்தவற்றையெல்லாம் திரும்பச் சட்டியிலிட்டு, அச்சு சூடேறும் வரை ஊற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் ஈயத்தின் மேல் கசடு ஆடையாகப் படியும். ஈரமான ஒரு துண்டு உருகிய ஈயத்தினுள் விழுந்தால் நீர் கணத்தில் ஆவியாகி வெடித்து, ஈயத்தை வார்ப்பவரின் முகத்தில் வாரியடிக்கும். இவை யாவும் ஆயுதச் சாலையில் பழகியவருக்குப் புதியன அல்ல. எனினும் ஓரிடத்தில் அவருடைய பழக்கம் அவருக்கு உதவாமற் போகும். சிறு சுருக்கமுள்ள குண்டும் துப்பாக்கியினின்று புறப்பட்டுவிடும். ஆனால் பக்கத்திலுள்ள ஆயிரக்கணக்கான எழுத்துகளும் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால், குட்டையானவை மைபடாது தாளில் மறைந்துபோகும், நெட்டையானவை தாளைக் கிழிக்கும்.

தனிக் காரீயம் இதற்குப் போதாது. அது 327 பாகை செல்சியசில் உருகுவது, குண்டுக்கு ஏற்ற மென்மையுடையது, ஆனால் அச்சியந்திரத்தின் அழுத்தத்தில் நசுங்குவது. காரீயத்தோடு வெள்ளீயமும், அஞ்சனக்கல்லிலிருந்து பெறப்படும் அந்திமனி என்னும் உலோகமும் சேர்க்கப்படும்போது கலவை கடினமாகிறது, இறுகும்போது ஏற்படும் சுருக்கம் குறைகிறது, எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழுகிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 84 பங்கு காரீயமும் 12 பங்கு அந்திமனியும் 4 பங்கு வெள்ளீயமும் கொண்ட கலவை 240 பாகை அளவிலேயே உருகிவிடுவது. பிற்காலத்து வரிவார்ப்பு இயந்திரங்கள் இவ்விகிதத்தையொட்டிய கலவையையே பயன்படுத்தின. கலவைக்குரிய இக்கடினத்தை நாடியே பல நாடுகளிலும் வீட்டில் குண்டு வார்ப்போர் கழித்துவிடப்பட்ட அச்செழுத்துகளைத் தேடி வாங்கித் தம் ஈயத்தோடு கலந்தனர்.

ஷாடேக்கு முன்பே இப்பகுதியில் தமிழெழுத்தை வார்க்க முயன்றவர்கள் தரங்கம்பாடியில் இருந்தனர். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713 இல் அங்கு வந்து சேர்ந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்தமையால், அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டை அவற்றாலேயே முழுவதும் அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது என்பது விரைவிலேயே தெரிந்தது. சிறிய எழுத்து வேண்டும். அதற்கு ஈயம் வேண்டும். இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் மிஷனரிகளுக்கு உணவாக அனுப்பிய பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈய உறைகளை உருக்கி, ஆட்லர் என்னும் கைவினைஞர் சிறிய எழுத்துகளை வார்த்தார். 1715 இல் நூல் நிறைவெய்தியது. தமிழ் அச்சு வரலாற்றில் இதைவிடப் போற்றத்தக்க முயற்சிகள் சிலவே. உலோகச் சந்தையும் இல்லை, பழகிய வார்ப்புச்சாலையும் இல்லை. உணவுப் பொதியிலிருந்து ஒரு நூலின் எழுத்துகள் பிறந்தன.

கொழும்பில் தமிழுக்கு எழுத்து வார்ப்பது எத்தகைய வேலையாக இருந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டே உணர முடியும். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக 52 தாயச்சுகள் போதும். தமிழில் உயிரும் ஆய்தமும் 13. அகர உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் 36. இகர, ஈகார வரிசைகள் 36. உகர, ஊகார வரிசைகள் 36. தனியே நிற்கும் கால், கொம்பு முதலியவை நான்கு. இவையே 125 ஆகின்றன. பழைய வழக்கில் ணா, றா, னா என்பவையும், ணை, லை, ளை, னை என்பவையும் ஒட்டிய வடிவங்களாதலால் அவற்றுக்கென ஏழு சேர்ந்து 132 ஆகும்; கிரந்த எழுத்துகளையும் எண்களையும் கூட்டினால் தொகை மேலும் ஏறும். புள்ளியை விட்டெழுதும் ஏட்டு வழக்கத்தால் முற்கால அச்சில் சில குறைந்திருக்கக்கூடுமெனினும், ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எஃகு முனை, ஒரு செப்புத் தாயச்சு, பின்னர் ஆயிரக்கணக்கான வார்ப்புகள் என்பதே அடிப்படைக் கணக்கு. அத்தகைய உழைப்பின் மேல்தான், கொழும்புச் செமினரியில் பயின்று ஒல்லாந்தத் திருச்சபையின் போதகராக உயர்ந்த தமிழராகிய பிலிப்பு தே மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சேறியது. கொட்டாஞ்சேனையின் ஓரத்தில் வுல்பெண்டால் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆளுநர்களின் பெயர்களையும் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் எல்லாரும் எடுத்துரைக்க, எஃகு முனையைச் செதுக்கிய கைகளைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசாதிருப்பது இத்துறையின் பெருங்குறை.

1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமான பின், ஒல்லாந்தர் விட்டுச் சென்ற அச்சுச் சாதனங்கள் புதிய அரசின் கைக்கு மாறின. 1802 மார்ச் 15 அன்று அரச வர்த்தமானியின் முதல் இதழ் வெளிவந்தது. 1814 முதல் வந்திறங்கிய வெஸ்லியன் மிஷனரிகளுள் அச்சுத்தொழில் அறிந்த ஹார்வர்ட் இருந்தமையால் அவர்களும் விரைவில் கொழும்பில் அச்சகம் நிறுவினர். ஈய எழுத்து திருச்சபைகளின் தனியுடைமையாக நீண்ட காலம் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். 1862 இல் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனையில் பௌத்தப் பிரசார சங்கமொன்றை அமைத்து, மிஷனரிகளின் துண்டுப்பிரசுரங்களுக்கு விடை அச்சிடத் தொடங்கினார். ஒரே உலோகத்தை ஒரே முறையில் வார்த்து, ஒரே மையைத் தடவி, ஒன்றையொன்று மறுக்கும் நூல்கள் ஒரே நகரத்தில் வெளிவந்தன.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் நாளிதழின் வேகத்துக்கு உயர்ந்தது. 1930 ஆகஸ்ட் 6 அன்று தொடங்கப்பட்டு, பின்னர் கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வீதியில் நிலைகொண்ட வீரகேசரியும், 1932 இல் தொடங்கிய தினகரனும் அச்சுக்கோப்போருக்கு ஓய்வில்லாத வேலையைத் தந்தன. கம்பாசிட்டர் எனப்படும் அச்சுக்கோப்பவர், அறையறையாகப் பிரித்த மரத் தட்டின் முன் நின்று, இடக்கையில் பிடித்த ஸ்டிக் என்னும் அடுக்குச் சட்டத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாக அடுக்கி வரியாக்குவார். அச்சான பின் அவற்றைக் கலைத்து, உரிய அறைகளில் திரும்பப் போடுவதும் அவருடைய வேலையே. தேய்ந்த எழுத்துகள் உருக்கப்பட்டுப் புதியவையாகும். உலோகம் உருகும்போதெல்லாம் அந்திமனியும் வெள்ளீயமும் கசடோடு சிறிது சிறிதாகக் கழிந்துவிடுவதால், அவற்றை மீண்டும் சேர்க்காத அச்சகங்களில் எழுத்து நாளடைவில் மென்மையாகி விரைவில் மழுங்கியது. ஓர் அச்சகத்தின் பக்கங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கலாகத் தெரிவதற்கு மையைவிட இதுவே பல சமயங்களில் காரணம்.

ஈயம் அதைத் தொட்டவர்களின் உடலிலும் தங்கியது. ஈய நஞ்சு ஏறியோரின் பல் ஈற்றின் ஓரத்தில் நீலக்கோடு தோன்றுவதை ஆங்கில மருத்துவர் ஹென்றி பர்ட்டன் 1840 இல் விவரித்தார்; வயிற்று வலியும் சோகையும் மணிக்கட்டு சோர்ந்து விழுதலும் அதனோடு வருபவை. ஈயத் தூள் படிந்த விரலால் உணவு உண்பதே அச்சுக்கோப்போருக்கு நேர்ந்த பெரிய ஆபத்து. உருக்குமிடத்தில் நிற்போருக்கு ஆவியும் கசடுத் தூளும் சேர்ந்து கேடு விளைத்தன. ஒரு மொழியின் நாளிதழ்களையும் பாடநூல்களையும் தம் உடலைக் கொடுத்து உருவாக்கிய இத்தொழிலாளரின் நோய்க் கதையும் அச்சு வரலாற்றின் பகுதியாகவே எழுதப்படவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதி இருபது ஆண்டுகளில் ஒளியச்சும் கணினியும் ஈய எழுத்தை அகற்றின. வெள்ளவத்தையில் குமரன் புத்தக இல்லம் போன்ற பதிப்பகங்கள் இயங்கும் இன்று, நூலுக்கான எழுத்து திரையிலேயே அமைகிறது. இம்மாற்றம் முழுவதையும் மல்லிகை என்னும் ஒரே இதழின் வாழ்வில் காணலாம். டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அவ்விதழ், அங்கே ஒவ்வோர் எழுத்தாகக் கையால் கோக்கப்பட்டு வெளிவந்தது; போர்ச் சூழலில் கொழும்புக்கு இடம்பெயர்ந்து ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவரத் தொடங்கியபோது, கணினி அச்சுக்கோப்பு நகரமெங்கும் பரவியிருந்தது. கழிந்த எழுத்துகளைப் பழைய உலோகம் வாங்குவோர் நிறுத்து விலைபேசினர். எழுத்துக்குக் கடினம் தந்த அதே அந்திமனி மின்கலத் தகடுகளுக்கும் வேண்டியிருந்ததால், அவ்வுலோகத்துக்கு அப்போதும் விலை இருந்தது.