பினேயின் கேள்விப்பெட்டி

செஸ்ட்நட் மரத்து இலை ஒன்று. அதைத் தன் இரண்டு மகள்களிடமும் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார் பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃப்ரெட் பினே. மூத்தவள் மதலேன், எந்தப் பக்கம் மஞ்சளாகிவிட்டது, எங்கே இன்னும் பச்சை மிச்சமிருக்கிறது, இலைக்கூறுகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று ஒன்று விடாமல் எழுதினாள். இளையவள் அலிஸின் தாளில் அளவும் நிறமும் அதிகம் இல்லை. இலையுதிர்காலக் காற்றில் சோர்ந்து விழுந்த இலை அது, இனித் தெருத்தெருவாக அலைந்து மட்கிப்போகும் என்று அதற்காக இரங்கியிருந்தாள். எவள் கெட்டிக்காரி என்று பினே தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு மனங்கள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன என்று குறித்துக்கொண்டு, 1903இல் அதை ஒரு நூலாகவே எழுதினார்.

அதற்கும் பத்தாண்டு முன்பு அவர் இரண்டு கணக்கு மேதைகளை ஆராய்ந்திருந்தார். ஒருவர் ழாக் இனோடி, ஆடு மேய்த்து வளர்ந்தவர், எழுத்துப் படிப்பே வெகு தாமதமாகத்தான் வந்தது. இன்னொருவர் டியமாண்டி, கிரேக்க தானிய வணிகர். மலைக்கவைக்கும் பெருக்கல்களை இருவரும் மனத்திலேயே போட்டார்கள். இனோடிக்கு எண்கள் காதில் ஒலித்தன. டியமாண்டிக்கோ எழுதிவைத்த தாள்போலக் கண்முன் நின்றன. விடை ஒன்றுதான், அதற்குப் போன பாதை வேறு.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. உலகத்தின் முதல் பயனுள்ள அறிவுத்திறன் சோதனையைச் செய்தவர், அறிவு பலவிதம் என்று கண்ணால் கண்டவர். அவர் கையை விட்டுப் போன பிறகு அந்தச் சோதனை என்னவாயிற்று என்பது நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. இன்றும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அந்தச் சோதனையின் வழிவந்த சோதனைகள் தீர்மானிக்கின்றன.

பிரான்சில் 1882 சட்டத்தால் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. அதுவரை பள்ளியின் நிழலே படாத பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். சிலர் பின்தங்கினார்கள். ஏன் பின்தங்குகிறார்கள் என்று பிரித்தறிய வழி இல்லை. வாத்தியாருக்குப் பிடிக்காத சேட்டைக்காரனும், காது மந்தமானவனும், உண்மையிலேயே மெதுவாகக் கற்பவனும் ஒரே பட்டியலில் போனார்கள். 1904இல் கல்வி அமைச்சகம் இதற்காக ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த பினே, இளம் மருத்துவர் தியோடோர் சிமோனைச் சேர்த்துக்கொண்டு 1905இல் முப்பது சின்னச்சின்னப் பணிகளைக் கொண்ட சோதனை ஒன்றை வெளியிட்டார்.

அந்த முப்பதும் பள்ளிப்பாடம் அல்ல. எரியும் தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா? ஒரு சாக்லேட் துண்டும் அதே அளவில் ஒரு மரத்துண்டும் வைத்தால் எதை எடுத்து வாயில் போடுகிறது குழந்தை? மூன்று எண்களைச் சொன்னால் திருப்பிச் சொல்கிறதா? எது கனம், எது லேசு? கடைசிக் கேள்விகளில் அருவமான சொற்களை வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். 1908இல் இவற்றை வயதுவாரியாக அடுக்கினார்கள். சாவியை நாற்காலியில் வை, கதவைச் சாத்து, அந்தப் பெட்டியை எடுத்து வா என்று மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லி, வரிசை மாறாமல் செய்கிறானா என்று பார்ப்பதும் அதில் உண்டு. எந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் செய்வதை இவன் செய்கிறான் என்பதே இவனுடைய மனவயது.

பினேக்குச் சோதனை தொடக்கம்தான், முடிவு அல்ல. பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும், அங்கே கவனமும் நினைவும் பயிற்சியால் வளரும் என்றார். சிலைபோல அசையாமல் நிற்கும் விளையாட்டை வைத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிக் கவனத்தை வளர்த்தார்கள். மனவயது எனும் இந்த எண் ஒருவனின் பிறவி அளவு அல்ல, அறிவை நீளம்போல அளந்துவிட முடியாது என்று அவர் எழுதியே வைத்தார். அறிவு வளரவே வளராது என்று கைவிரிக்கும் கல்வியாளர்கள்மீது 1909இல் வெளிப்படையாகவே கோபப்பட்டார். 1911இல், ஐம்பத்து நான்கு வயதில் இறந்துபோனார்.

அதற்குள் அவருடைய கேள்விப்பெட்டி அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. நியூ ஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார் ஹென்றி காடர்ட். 1908இல் ஐரோப்பா சுற்றியபோது பிரஸ்ஸல்ஸில் டெக்ரோலி என்ற மருத்துவர் மூலம் இந்தச் சோதனை அவருக்குக் கிடைத்தது. கேள்விகளை அப்படியே எடுத்துக்கொண்டார், அவற்றோடு வந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை. அறிவு ஒற்றைப் பொருள், அது ரத்தத்தில் வருவது, மாறாது என்பது அவர் நம்பிக்கை.

அடுத்து எல்லிஸ் தீவு. நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஏழைகளை வடிகட்டும் இடம் அது. பல நாள் மூன்றாம் வகுப்பில் அடைந்து கிடந்து, பயத்தோடு வரிசையில் நின்றவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் காடர்டின் குழு கேள்வி கேட்டது. தொடக்கத்திலேயே ஒரு மொழிபெயர்ப்பாளர் மறுத்துப் பேசினார்: இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னாலும் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது, இந்தப் பையனிடம் இப்படிக் கேட்பது நியாயம் இல்லை என்றார். அந்தக் குரலை யாரும் பொருட்படுத்தவில்லை. யூதர், ஹங்கேரியர், இத்தாலியர், ரஷ்யர் என ஒவ்வொரு கூட்டத்திலும் சோதித்தவர்களில் பெரும்பாலோர் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று காடர்ட் 1917இல் வெளியிட்டார்.

அதே தீவில் இன்னொருவரும் இருந்தார், மருத்துவர் ஹோவர்ட் நாக்ஸ். அவர் பெயர் இன்று பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும். வாழ்நாளில் பென்சில் பிடிக்காத ஓர் உழவனிடம் வைர வடிவம் வரையச் சொல்லி, வரவில்லை என்றால் மந்தம் என்று எழுதுவது தவறு என அவருக்குப் பட்டது. நான்கு மரக்கட்டைகளை வரிசையாக வைத்தார். ஐந்தாவதைக் கையில் எடுத்து அவற்றை ஒரு வரிசையில் தட்டிக்காட்டினார். பார்த்தவர் அதே வரிசையில் தட்ட வேண்டும். சொல் வேண்டாம், எழுத்து வேண்டாம். தட்டுகள் கூடக்கூட வரிசை சிக்கலாகும். கேள்விகளில் தோற்றவர் கட்டைகளில் தேற வழி பிறந்தது. வாயால் வெளிப்படாத அறிவு கையால் வெளிப்படும் என்பதை அந்தத் தீவு அன்றே காட்டிவிட்டது.

1912இல் ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். 1916இல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். ஐக்யூ என்ற அறிவுத்திறன் எண் பிறந்தது. சோதனையின் இன்னொரு தகப்பனான சிமோன், இது எங்கள் நோக்கத்துக்குச் செய்த துரோகம் என்றே பிற்காலத்தில் கருதினார்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் ஏறத்தாழ பதினேழரை லட்சம் சிப்பாய்களுக்குக் கூட்டமாகச் சோதனை நடந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவர்களுக்கு பீட்டா. ஆல்ஃபாவில் கிரிஸ்கோ என்பது என்ன என்று கேட்டார்கள். அது அமெரிக்கச் சமையலறையில் புழங்கும் ஒரு கொழுப்பின் வணிகப் பெயர். பீட்டாவில் வலை இல்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி, விட்டுப்போனதை வரையச் சொன்னார்கள். சிசிலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளி டென்னிஸ் எங்கே பார்த்தான்? வெள்ளைச் சிப்பாயின் சராசரி மனவயது பதின்மூன்று என்று முடிவு வந்தது. ஒரு நாட்டின் வளர்ந்த ஆண்களெல்லாம் சிறுவர்கள் என்று விடை வந்தால், கோளாறு அளவுகோலில்தான் என்று எவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். சோதனை நடத்தியவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த அளவுகோலுக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் கேரி பக். வெர்ஜீனியாவில் வளர்ப்பு வீட்டில் இருந்த பெண். அந்த வீட்டாரின் உறவினன் ஒருவனால் வன்புணரப்பட்டுக் கருவுற்றாள். 1924இல் அவளை மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் சேர்த்தார்கள். பினே வழிவந்த சோதனை அவளுடைய மனவயது ஒன்பது என்றது. அவள் தாய்க்கு எட்டுக்கும் குறைவு. தாயும் மகளும் அப்படி, கைக்குழந்தையும் அப்படித்தான் இருக்கும் என்று வாதாடி, 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதி வாங்கினார்கள். ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒப்பினார்கள். இத்தகைய சட்டங்களால் அந்நாட்டில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கருத்தடை செய்யப்பட்டார்கள். அந்தக் கைக்குழந்தை விவியன் பள்ளிக்குப் போனாள், நன்றாகப் படித்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள். கேரி 1983 வரை வாழ்ந்தார், செய்தித்தாள் வாசித்தார், குறுக்கெழுத்துப் போட்டார்.

காடர்ட் 1928இல் தன் பழைய நிலையிலிருந்து பெரிதும் பின்வாங்கினார். அதற்குள் சட்டங்கள் போட்டாகிவிட்டன.

வாழ்க்கை வெற்றிக்கும் ஐக்யூவுக்கும் என்ன உறவு என்று நேராகப் பரிசோதித்தவர் டெர்மனே. 1921இல் தொடங்கி, கலிஃபோர்னியாவில் உயர்ந்த ஐக்யூ உள்ள சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுவதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், விஞ்ஞானிகள் பலர் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தார்கள், மறுக்க முடியாது. நோபல் பரிசு மட்டும் யாருக்கும் வரவில்லை. வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரஸ் என்ற இரண்டு சிறுவர்களையும் சோதித்து, மதிப்பெண் போதாது என்று விட்டிருந்தார்கள். ஷாக்லிக்கு 1956இலும் ஆல்வரஸுக்கு 1968இலும் இயற்பியல் நோபல் கிடைத்தது. டெர்மன் மறைந்த பிறகு அவருடன் பணியாற்றிய மெலிட்டா ஓடன், அந்தக் கூட்டத்திலேயே மிக முன்னேறிய நூறு ஆண்களையும் மிகப் பின்தங்கிய நூறு ஆண்களையும் எடுத்து ஒப்பிட்டார். ஐக்யூவில் பெரிய வேறுபாடு இல்லை. விடாப்பிடி, இலக்கில் உறுதி, தன்னம்பிக்கை, பிறந்த வீட்டின் படிப்பும் வசதியும் ஆகியவற்றில்தான் வேறுபாடு இருந்தது. இந்த ஆய்வுக்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஐக்யூவே எல்லாம் என்று நம்பியவரின் சொந்தக் கோப்புகளிலிருந்தே அது வந்தது.

ருமேனியாவிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்த டேவிட் வெக்ஸ்லர் 1918இல் ராணுவச் சோதனைகளில் வேலை பார்த்தவர். பெட்டியில் தோற்று வாழ்க்கையில் தேறியவர்களை அங்கே பார்த்தார். 1939இல் அவர் செய்த சோதனையில் பாதி சொல், பாதி கை வேலை. உறுதியும் ஆர்வமும் அறிவின் பகுதியே என்று வாதாடினார். 1983இல் ஹோவர்ட் கார்ட்னர் ஏழு வகை அறிவு என்றார்: மொழி, கணக்கு, இடம், இசை, உடல், தன்னை அறிதல், பிறரை அறிதல். இயற்கையை அறிதலைப் பிறகு சேர்த்தார். நம் பள்ளி விளம்பரங்கள்வரை வந்துவிட்ட இந்தப் பட்டியலை நான் கவனமாகவே எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைகள் ஒன்றையொன்று சாராதவை என்பதற்குச் சோதனைச் சான்று பலமாக இல்லை. ஒன்றில் நன்றாகச் செய்பவர் மற்றதிலும் ஓரளவு நன்றாகச் செய்வதைத்தான் அளவீடுகள் காட்டுகின்றன.

எனக்கு அதைவிட வலுவாகப்படுவது பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் நடந்த ஒரு சின்ன ஆய்வு. 1985இல் வெளிவந்தது. சந்தையில் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர்போலப் போனார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ, பத்து எவ்வளவு? பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூன்று தேங்காய்க்கு 105 என்று பிடித்தான், இன்னும் மூன்று சேர்த்து 210, மறுபடி மூன்று 315, ஒன்றைக் கூட்டி 350 என்றான். வியாபாரத்தில் இந்தப் பிள்ளைகளின் விடை நூற்றுக்கு 98 சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37. தேங்காய் விற்பவனிடம் இருந்த கணக்கைத் தாள் காணவில்லை.

இந்தியாவுக்கும் பெட்டி சீக்கிரமே வந்தது. 1920களில் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் அதை இந்துஸ்தானியில் மாற்றினார். பிறகு வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தினார். பினே–காமத் சோதனை என்ற பெயரில் இன்றும் அது நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு தாய், பிள்ளையோடு அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழுக்குப் போனால் உளவியலாளர் எடுக்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. கூடவே இன்னொரு பட்டியலும் வரும்: தானே சாப்பிடுகிறானா, சட்டைப் பொத்தான் போடுகிறானா, கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வருகிறானா என்று தாயிடம் கேட்கும் பட்டியல். அதன் பெயர் வைன்லேண்ட். காடர்டின் அதே பள்ளியில் பிறகு வந்த எட்கர் டால் 1930களில் உருவாக்கியது. கேள்விக்குப் பதில் சொல்வது ஒன்று, வாழத் தெரிவது இன்னொன்று என்பதை அந்தப் பள்ளியே ஒப்புக்கொண்டதன் சாட்சி அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழைப் பொறுத்துத்தான் உதவித்தொகையும் சிறப்பு ஆசிரியரின் துணையும் கிடைக்கும்.

ஆனால் காமத்தின் அளவுகள் சுதந்திரத்துக்கு முந்தைய பிள்ளைகளை வைத்து எடுத்தவை. நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃபிளின் 1987இல் பதினான்கு நாடுகளின் தரவைத் திரட்டி, தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறுவதைக் காட்டினார். அமெரிக்காவில் அது பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி. படிப்பும் படமும் புதிரும் எங்கும் பரவியதில் இதற்குப் பங்கு உண்டு. நம் நாட்டிலும் பள்ளி பரவியிருக்கிறது. அப்படியானால் எண்பது ஆண்டுப் பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளை உள்ளதைவிடக் கெட்டிக்காரனாகத் தெரிவான். எழுபதுக்குக் கீழே இருந்தால் உதவி கிடைக்கும் இடத்தில், உண்மையில் உதவி வேண்டிய பிள்ளைக்கு எழுபத்தைந்து என்று எழுதி வெறும் கையோடு திருப்பி அனுப்ப நேரும். தமிழ்ப் பிள்ளைகளை வைத்து, கிராமமும் நகரமும் சேர்த்து, புதிய அளவுகள் எடுக்க வேண்டும். அந்த வேலையை அரசும் பல்கலைக்கழகங்களும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.